60 நாள் பூட்டு

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரில் ஐ-4 நெடுஞ்சாலை மாலை நேரத்தில் எப்படி இருக்கும் என்று அங்கே கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் அதில் ஊர்ந்துகொண்டிருந்தேன். முன்னால் எல்லாரும் நின்றார்கள், நானும் நின்றேன். பின்னால் வந்த பிக்அப் வண்டி மட்டும் நிற்கவில்லை. டிக்கி நசுங்கியது, எனக்குக் கழுத்தில் வலி.

நெடுஞ்சாலைப் போலீஸ்காரர் இருவரின் லைசென்ஸையும் இன்சூரன்ஸ் விவரத்தையும் குறித்துக்கொண்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் விபத்து ரிப்போர்ட்டின் எண் இருந்தது. முழு ரிப்போர்ட் 10 நாளுக்குள் வரும், ஆன்லைனில் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். நான் அதைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு, மறுநாள் காரை இழுத்துக்கொண்டுபோய் வைத்திருந்த யார்டுக்கு அலைந்தேன்.

ரிப்போர்ட் வரட்டும் என்று டாக்டரைத் தள்ளிப்போடக் கூடாது. புளோரிடாவில் தப்பு யார் மேல் இருந்தாலும் சிகிச்சைச் செலவுக்கு முதலில் வருவது நம்முடைய இன்சூரன்ஸ்தான், அதிகபட்சம் 10,000 டாலர். ஆனால் 14 நாளுக்குள் டாக்டரைப் பார்த்திருக்க வேண்டும். நான் ஆறாம் நாள் போனேன்.

ஒன்பதாம் நாள் ரிப்போர்ட் ஆன்லைனில் ஏறிவிட்டது. கட்டணம் 10 டாலர், அதற்கு மேல் கொஞ்சம் சேவைக் கட்டணம். என் மச்சான் உதவுகிறேன் என்று அவர் லேப்டாப்பில் உட்கார்ந்தார். நீங்கள் யார் என்று இணையதளம் கேட்டது: விபத்தில் சம்பந்தப்பட்டவரா, அவருடைய வக்கீலா, இன்சூரன்ஸா, பத்திரிகையா? மச்சானுக்கு அதில் இடமே இல்லை. "சம்பந்தப்பட்டவர்னு போட்டுடறேன்" என்றவரைத் தடுத்து நானே உட்கார்ந்தேன். நல்ல வேளை. அடுத்து வந்தது ஒரு உறுதிமொழி: 60 நாள் முடியும்வரை இதை வைத்து விபத்துக்குள்ளானவர்களிடம் வியாபாரம் பேச மாட்டேன் என்று. மீறினால் சிறைக்குப் போகிற அளவு குற்றம். இடி வாங்கியது நான், சத்தியமும் நானா என்று எரிச்சலாக இருந்தது.

இன்சூரன்ஸில் என் கிளெய்மைப் பார்த்த பெண்மணி சிரித்துக்கொண்டே காரணம் சொன்னார். முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் ரிப்போர்ட்டைக் கட்டுக்கட்டாக வாங்கலாமாம். அதிலிருந்த பெயரும் போன் நம்பரும் தரகர்கள் கைக்குப் போகும். அவர்கள் கிளினிக்குகளுக்கும் வக்கீல்களுக்கும் ஆள் பிடித்துக் கொடுப்பார்கள். வலி இல்லாதவருக்கும் சிகிச்சை நடக்கும், பில் இன்சூரன்ஸுக்குப் போகும். 2000-இல் மாநில கிராண்ட் ஜூரி (குற்றங்களை விசாரிக்கும் குடிமக்கள் குழு) ஒன்று இந்த மோசடியை விசாரித்து, எல்லாம் தொடங்குவதே இந்த ரிப்போர்ட்டில்தான் என்று எழுதியது. 2001-இல் 60 நாள் பூட்டு வந்தது: அதுவரை ரிப்போர்ட் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் மாதிரி சிலருக்கு மட்டும்தான் கிடைக்கும். வேறொரு மாநிலத்தில் இருக்கும் நண்பருக்கு விபத்து நடந்த மூன்றாம் நாளே முன்பின் தெரியாத கிளினிக்கிலிருந்து போன் வந்தது ஞாபகம் வந்தது. என் எரிச்சல் பாதி குறைந்தது.

ரிப்போர்ட் கையில் வந்ததும் வரிவரியாகப் படியுங்கள். என்னுடையதில் பாலிசி எண் ஓர் இலக்கம் மாறியிருந்தது. எழுதிய போலீஸ்காரருக்கே போன் செய்து திருத்த வைத்தேன். அதற்கு மட்டும் இரண்டு வாரம்.

அப்புறம் இதை மறந்தே போனேன். 60 நாள் தாண்டிய வாரத்தில் தபால் பெட்டியைத் திறந்தால் வக்கீல்களின் கடிதம் ஏழு. ஒவ்வொன்றிலும் சட்டப்படி 'விளம்பரம்' என்று தனி நிறத்தில் அச்சிட்டிருந்தது. ஒருவர் என் உடல்நலத்தை நினைத்து மிகவும் வருந்தியிருந்தார். கழுத்து வலி அதற்குள் போய்விட்டிருந்தது.