பெல்ஃபாஸ்டின் அணியத்தில் பனி: நான்காவது முறையில் கைகூடியது

இன்று காலை ஜன்னல் வெளிச்சத்தில் என் மாடல் கப்பலைத் திருப்பி அணியத்தை, அதாவது முன்முனையை, பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது. ஏ டரட்டின் (முன்னால் இருக்கும் முதல் சுழல் பீரங்கிக் கூண்டு) முகத்தில் இருப்பது வெள்ளைப் பெயின்ட்டாகவோ சர்க்கரைத் தூளாகவோ தெரியவில்லை, பனிக்கட்டியாகவே தெரிகிறது. இதற்கு மூன்று மாதம் ஆனது. மூன்று முறை செய்து, மூன்று முறையும் சுரண்டி எடுத்திருக்கிறேன். கொடிமரம் பாக்கி, ரிகிங் (கொடிமரக் கயிறுகள்) பாக்கி, படகுகள் இன்னும் கிட்டின் பிளாஸ்டிக் சட்டத்திலேயே இருக்கின்றன. இருந்தாலும் இந்த ஒரு கட்டத்தைப் பற்றி இப்போதே எழுதிவிட வேண்டும். உறைந்த கப்பல் செய்ய நினைப்பவர்களுக்கு என் மூன்று மாதமாவது மிச்சமாகட்டும்.

எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், 1:350, அதாவது நிஜத்தில் 350இல் ஒரு பங்கு. நான் எடுத்துக்கொண்டது 1943 நவம்பர், நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடல். அந்த மாதம் கப்பலில் எடுத்த படங்களில் முன்பக்க டரட்டுகள் பனி மூடி நிற்கும், மாலுமிகள் தளத்தில் நின்று பனியை அகற்றிக்கொண்டிருப்பார்கள். இந்தப் படங்களைப் பார்த்த அன்றே, செய்தால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

உடற்பகுதி முடிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1939 நவம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் ஃபோர்த் முகத்துவாரத்தில் காந்தக் கண்ணிவெடி ஒன்று இந்தக் கப்பலின் முதுகெலும்பை முறித்தது. படையில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. உடைத்துவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குச் சேதம். ஆனால் டெவன்போர்ட்டில் வைத்துப் பழுது பார்த்து, 1942 நவம்பரில் திரும்பக் கடலுக்கு அனுப்பினார்கள். நடுப்பகுதிக்கு வலுச் சேர்க்க இரண்டு பக்கமும் வீக்கம்போல ஒரு கூடுதல் உடல் வைத்தார்கள். எடை ஆயிரம் டன்னுக்கு மேல் கூடியது. என் கிட்டில் அந்த வீக்கம் உடலோடு சேரும் இடத்தில் முடி அளவு இடைவெளி இருந்தது. புட்டி வைத்து, தேய்த்து, ப்ரைமர் அடித்து, மறுபடி தேய்த்தேன். ஒரு வாரம் போனது, அவ்வளவுதான். உருமறைப்பு வண்ணம் அதைவிடச் சுலபம். மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி, புது பிளேடால் வெட்டினால் வளைவு சுத்தமாக வரும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

லண்டனில் டவர் பாலத்துக்குப் பக்கத்தில் இந்தக் கப்பல் 1971 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. போய்ப் படம் எடுத்து வந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 1950களின் கடைசியில் நடந்த பெரிய மாற்றத்தில் பிரிட்ஜும் (கப்பலை இயக்கும் மேடை) கொடிமரங்களும் மாறிவிட்டன. இன்றைக்கு நிற்பது கம்பிப் பின்னல் கொடிமரம், 1943இல் இருந்தது மூன்று கால் கொடிமரம். டரட்டுகளையும் தளத்துச் சாமான்களையும் நேரில் பார்த்து நம்பலாம், மேற்கட்டுமானத்தை நம்பக் கூடாது. நான் நேரில் போனபோது ஏ டரட்டின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது நடுக்குழலைத்தான். குண்டுகள் பறக்கும்போது ஒன்றுக்கொன்று இடையூறு செய்யாமலிருக்க, மூன்றில் நடுவிலுள்ள குழலை முக்கால் மீட்டர் பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள். நம் அளவில் அது 2 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பித்தளைக் குழல் வாங்கி மாட்டுகிறவர்கள் பலர் மூன்றையும் ஒரே நீளத்துக்கு வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கவனியுங்கள்.

சரி, பனிக்கு வருகிறேன்.

முதல் முறை, பளபளப்பான ட்ரான்ஸ்பரன்ட் ஜெல்லை அப்படியே பூசினேன். காய்ந்ததும் தளம் முழுக்க யாரோ பசையைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போனதுபோல் இருந்தது. ரெய்லிங்கின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஜெல் சவ்வுபோல் பிடித்து, கண்ணாடி பதித்த பால்கனியாகிவிட்டது. தப்பு என் எண்ணத்தில் இருந்தது. பனி என்றதும் டம்ளரில் மிதக்கும் ஐஸ் கட்டியை நினைத்துவிட்டேன். கடல் நீர் தெறித்து உறையும்போது காற்றுக் குமிழும் உப்பு நீரும் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. அதனால் அது பால்போல் மங்கலாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, எல்லோரும் சொல்லும் சோடா உப்பும் சூப்பர் க்ளூவும். வெண்மை வந்தது. ஆனால் சோடா உப்பின் ஒரு மணியே கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர் இருக்கும். 350ஆல் பெருக்கினால் மூன்றரை சென்டிமீட்டர். கப்பல் மேல் ஜல்லி கொட்டியதுபோல் தெரிந்தது. அதோடு க்ளூவின் ஆவி படிந்து, சுற்றியிருந்த உருமறைப்பு வண்ணமெல்லாம் வெள்ளை பூத்துப் போனது. ஏ டரட்டைப் பிடுங்கி, வண்ணத்தைக் கரைத்து, ப்ரைமரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அன்றைக்கு வந்த கோபம் அடங்க இரண்டு நாள் ஆனது.

மூன்றாவது முறை யு.வி. ரெசின், அதாவது புற ஊதா வெளிச்சத்தில் இறுகும் பிசின். நகத்துக்கு அலங்காரம் செய்யும் சாமான் விற்கிற கடையில், நம் ஹாபி கடையின் விலையில் கால்வாசிக்கே கிடைக்கிறது. அதனுடன் மைக்ரோபலூன் கலந்தேன். மைக்ரோபலூன் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன கண்ணாடிக் குமிழ்களாலான மாவு, ஃபைபர் வேலை செய்பவர்கள் வாங்குவது. நான் போன கடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்து தரமாட்டேன் என்றுவிட்டார்கள். ஒரு கிலோ என்பது இரண்டு பெரிய பக்கெட். என் ஆயுசுக்கும் தீராது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், தருகிறேன். மாஸ்க் இல்லாமல் மட்டும் அந்தப் பையைத் திறக்காதீர்கள். நுரையீரலுக்குப் போனால் வெளியே எடுக்க வழியில்லை.

நிறம் அருமையாக வந்தது. ஆனால் கலவை வெள்ளையாக இருப்பதால் யு.வி. வெளிச்சம் உள்ளே இறங்கவில்லை. மேலே தோல்போல் இறுகி, அடியில் பச்சையாகவே நின்றது. நான்காம் நாள் விரல் பட்டதும் தோல் நழுவி, பிசுபிசு என்று ஒட்டியது. அதையும் சுரண்டினேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு. நிஜக் கப்பலில் 10 சென்டிமீட்டர் கனமான பனி என்றால் அது மிரட்டும் பனி. நூறு சதுர மீட்டரில் அந்தக் கனத்துக்கு உறைந்தாலே ஒன்பது டன் சேர்ந்துவிடும், அதுவும் நீர்மட்டத்துக்கு மேலே. கோடாலி, சுத்தியல், நீராவிக் குழாய் என்று கிடைத்ததையெல்லாம் வைத்து மாலுமிகள் பனியை உடைத்தது இதனால்தான். மேல்பாரம் ஏறினால் கப்பல் சாய்ந்து மீளாது. அந்த 10 சென்டிமீட்டர் நம் அளவில் வெறும் 0.29 மில்லிமீட்டர். நான் மூன்று முறையும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் அப்பியிருந்தேன். அதாவது முப்பத்தைந்து சென்டிமீட்டர் பனி. எதைக் கலந்திருந்தாலும் அது பொய்யாகத்தான் தெரிந்திருக்கும்.

இரண்டாவது விஷயம் திசை. படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பனி மேலிருந்து கொட்டியதல்ல, முன்னாலிருந்து அடித்தது. அணியம் அலையில் குத்தி எழும்போது தண்ணீர் கிளம்பி, காற்றோடு பின்னால் வந்து, எதிரே நிற்கும் முகத்தில்தான் அறைகிறது. டரட்டின் முகம், பிரிட்ஜின் முன்சுவர், நங்கூரச் சங்கிலியின் முன்பக்கம் எல்லாம் கனக்கும். அவற்றின் முதுகுப் பக்கம் கிட்டத்தட்ட வெறுமையாகவே இருக்கும். அந்தத் தண்ணீருக்கு எவ்வளவு பலம் என்பதற்குச் சகோதரக் கப்பல் ஷெஃபீல்டையே சொல்லலாம். 1943 பிப்ரவரியில், ரஷ்யாவுக்குப் போன ஜே.டபிள்யூ. 53 என்ற கான்வாயை (சரக்குக் கப்பல் கூட்டம்) காக்கச் சென்றபோது வந்த புயலில், அதன் ஏ டரட்டின் கவசக் கூரையில் மூன்றில் ஒரு பங்கை அலை பிய்த்துக்கொண்டு போனது. எஃகுக் கூரை, பீரங்கியால் அல்ல, வெறும் தண்ணீரால். பெல்ஃபாஸ்ட்டும் அதே கான்வாய் வேலையில்தான் இருந்தது.

இப்போது கைகூடிய கலவை இது. மேட் ஜெல் மீடியம் மூன்று பங்கு, மைக்ரோபலூன் இரண்டு பங்கு, வெள்ளை மை ஒரு சொட்டு, ஊசி முனையில் தொட்ட அளவு நீலச் சாம்பல். நீலம் ஒரு இம்மி கூடினாலும் பற்பசையாகிவிடும். இதைத் தண்ணீரில் தளர்த்தி, மோர் பதத்துக்குக் கொண்டுவந்து, பிரஷ்ஷால் எதிர்முகங்களில் மட்டும் ஒற்ற வேண்டும். இழுத்துப் பூசினால் பிரஷ் கோடு நிற்கும். ஒரு கோட் காய ஆறு மணி நேரம். மொத்தம் நான்கு கோட். மூன்றாவது கோட் ஈரமாக இருக்கும்போதே ஊசியால் கீழே இழுத்துத் தொங்கல்களை உண்டாக்க வேண்டும். தொங்கல்கள் நேர் கீழே இறங்கக் கூடாது, அமரம் (பின்முனை) பக்கமாக லேசாகச் சாய வேண்டும். அதற்காகக் கப்பலை அணியம் மேலே இருக்கும்படி புத்தக அடுக்கில் சாய்த்து வைத்துக் காயவிட்டேன். கடைசியில், தொங்கல்களின் நுனியில் மட்டும் யு.வி. ரெசின், எதுவும் கலக்காமல், மெல்லிய பூச்சு. மங்கலான பனியின் நுனி மட்டும் வெளிச்சம் பட்டு மினுங்கும்போதுதான் கண் ஏமாறுகிறது.

ரெய்லிங்கில் ஒரு வேலை கூடுதலாக இருந்தது. பி.ஈ. (ஃபோட்டோ எட்ச், மெல்லிய உலோகத் தகட்டில் அரித்தெடுத்தது) கம்பி 0.1 மில்லிமீட்டர். பனி ஏறினால் மூன்று மடங்கு பருக்க வேண்டும், ஆனால் இடையில் சவ்வு பிடிக்கக் கூடாது. ஒவ்வொரு கம்பியாகக் கலவையை ஓட்டி, உடனே ஈரமில்லாத பிரஷ்ஷால் நடுவில் குத்தி ஓட்டை போட்டுக்கொண்டே போனேன். அணியத்திலிருந்து அலைத்தடுப்பு வரை, இரண்டு பக்கமும், நான்கு இரவு. அந்த ரெய்லிங்கை வளைக்காமல் ஒட்ட இரண்டு வாரம் பட்ட பாடு முழுக்கப் பனிக்குள் போய்விட்டதில் எனக்கு வருத்தமுண்டு. அடுத்த முறை முன்தளத்துக்கு மட்டும் விலை குறைந்த ரெய்லிங் போதும்.

ஒரே ஒரு இடத்தில் பனியே கூடாது. டரட்டுகள் உறைந்து நின்றுவிடாமலிருக்க அவ்வப்போது திருப்பிக்கொண்டே இருப்பார்கள். அதனால் டரட் சுழலும் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் பனியில்லாமல் விட்டிருக்கிறேன். யாரும் கவனிக்கப்போவதில்லை. ஆனால் அந்த வளையம் இல்லையென்றால் அது சுடத் தயாராக இல்லாத கப்பல். அடுத்த மாதமே இதன் டரட்டுகள் சுட்டன.

1943 டிசம்பர் 26 காலை 8.40க்கு, சூரியனே எழாத அந்த இருட்டில், ஷார்ன்ஹோர்ஸ்ட் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை ரேடாரில் பிடித்தது பெல்ஃபாஸ்ட்தான், 35,000 கஜத்தில். கூட இருந்த பிரிட்டிஷ் கப்பல்கள் நார்ஃபோக், ஷெஃபீல்ட். மூன்றுக்கும் தலைவரான வைஸ் அட்மிரல் பர்னெட் பெல்ஃபாஸ்டில் இருந்தார். காலையில் ஒரு மோதல், நண்பகலில் இன்னொன்று. நார்ஃபோக் அடிபட்டது. ஷெஃபீல்டின் சுழல்விசிறித் தண்டு பழுதாகி வேகம் குறைந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பெல்ஃபாஸ்ட் தனியாக, தன்னைவிட மூன்று மடங்கு பெரிய கப்பலின் பின்னால், ரேடாரை மட்டும் நம்பிப் போனது. மாலை 4.50க்குச் சற்று முன்னால் அது சுட்ட ஒளிக்குண்டு மேலே வெடித்து ஷார்ன்ஹோர்ஸ்ட்டை வெளிச்சத்தில் நிறுத்த, அட்மிரல் ஃப்ரேசரின் பிரிட்டிஷ் போர்க்கப்பல் டியூக் ஆஃப் யார்க் சுடத் தொடங்கியது. இரவு 7.45க்கு எல்லாம் முடிந்தது. ஷார்ன்ஹோர்ஸ்ட்டில் இருந்தவர்கள் 1,968 பேர், தண்ணீரிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டவர்கள் 36 பேர். முன்தளத்தில் பனியை ஒற்றிக்கொண்டிருந்த இரவுகளில் இந்த இரண்டு எண்களும் மனசைவிட்டுப் போகவில்லை.

அதனால்தான் ரேடார் வேலையை அவசரப்படுத்தாமல் தள்ளி வைத்திருக்கிறேன். கடற்பரப்பைத் தேடும் 273 ரேடாருக்கு கலங்கரை விளக்குபோல் ஒரு கூண்டு உண்டு. கிட்டில் அது கெட்டியான பிளாஸ்டிக். ட்ரான்ஸ்பரன்ட் குழாயில் புதிதாகக் கடைந்து, சட்டங்களைக் கீறல் போட்டு வண்ணம் ஏற்றுவதாக இருக்கிறேன்.

இன்னொரு திட்டமும் இருக்கிறது. ரஷ்யர்கள் பர்னெட்டுக்குப் பரிசாகக் கொடுத்த கலைமான் ஒன்று அந்தக் குளிர்காலத்தில் கப்பலில் இருந்தது. பெயர் ஓல்கா. வால்ரஸ் விமானத்துக்காக அமைத்த கொட்டகையில் கட்டியிருந்தார்கள். நார்த் கேப் சண்டை எனப்படும் அந்த டிசம்பர் 26 சண்டையில் பீரங்கிச் சத்தத்துக்கு மிரண்டு வெறிபிடித்துப்போக, வேறு வழியில்லாமல் சுட்டுவிட்டார்கள். என் கப்பல் நிற்கும் நவம்பரில் அதை வைப்பது காலக் கணக்கில் சரியாக வராது. அதனால் தனியாக, கொட்டகையை மட்டும் 1:72இல் செய்து, கதவு பாதி திறந்து, உள்ளே ஓல்காவை நிற்க வைக்க ஆசை. 1:72இல் நல்ல கலைமான் உருவம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பொம்மைக் கடை மான்களின் கொம்பு எல்லாம் தடிமனாக இருக்கிறது.

நேற்று மாலை முன்தளத்தில் மாலுமிகளை நிறுத்தினேன். ஏழு பேர், ஆளுக்கு 5 மில்லிமீட்டர் உயரம். இரண்டு பேருக்குக் கையில் கோடாலி, பி.ஈ. சட்டத்தின் மிச்சத் துண்டில் வெட்டியது. அவர்கள் உடைத்த இடத்தில் தளம் தெரிய வேண்டுமே. காய்ந்த பனியை பிளேடு முனையால் ஒரு விரல் நக அகலத்துக்குச் செதுக்கி எடுத்தேன். செதுக்கிய துண்டுகளைத் தூக்கிப் போடாமல் அப்படியே ஓரமாகக் குவித்து ஒட்டினேன். வாங்கிய எந்தப் பொடியைவிடவும் அந்தத் துண்டுகள்தான் உடைந்த பனிபோல் இருக்கின்றன. ஒரு மாலுமியின் கோடாலி மட்டும் காலையில் காம்பு முறிந்து கிடந்தது. தரை விரிப்பில் தலைப்பகுதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் ஒட்டிவிட்டு, பி டரட்டுக்கு இரண்டாவது கோட் போட வேண்டும்.