விருப்பப் பட்டியலின் முதல் வரி

பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்பும்போது வரிசைதான் எல்லாம். கணினி அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். நம் தரவரிசை எண் வரும்போது எந்த வரியில் முதலில் இடம் இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே எழுதியதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே, கிடைக்குமா கிடைக்காதா என்ற கணக்குக்கு அங்கே வேலையில்லை. ஆசைப்பட்டது மேலே, அரைமனசு கீழே. எட்டாத கல்லூரியை முதலில் எழுதியதால் எட்டுகிற கல்லூரி கைநழுவிப் போகாது. உதவி மேசைக்கு வருகிற எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான். தென்காசி மாவட்டத்துக் கடையத்துப் பக்கமிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்த அந்த அம்மாவுக்கும் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "பக்கத்துல உள்ளதையே மொதல்ல போட்டுருங்க சார்."

பிள்ளைக்குக் கணிதம் 84, இயற்பியல் 78, வேதியியல் 82. கணிதம் முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேரும்: 84, 39, 41. ஆக 200-க்கு 164. இதைத்தான் கட்-ஆஃப் என்போம். அவள் எழுதிக் கொண்டுவந்த தாளில் முதலில் இருந்தது மதுரைப் பக்கத்துப் பழைய கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல். பொதுப் பட்டியலில் 164-க்கு அது எட்டாது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி; 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு உண்டு. போன வருசத்துக் கட்-ஆஃப் பட்டியலை வைத்துப் பார்த்தால் கிடைக்க நல்ல வாய்ப்பிருந்தது. இரண்டாவதாக எழுதியிருந்தது வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தனியார் கல்லூரி, செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் என்ற புதுப் பிரிவு. அந்த அம்மா மேலே ஏற்றச் சொன்னது இதைத்தான்.

பணத்தை நினைத்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம் மட்டுமல்ல, விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது, 2021-லிருந்து அப்படித்தான் என்று விளக்கினேன். கல்லூரியில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும், என்ன சான்றிதழ் வேண்டும் என்பது வரைக்கும் சொன்னேன். "ரூவாய்க்கு இல்ல சார்" என்றார். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. மகள் பக்கம் திரும்பி, "ஏட்டி, நீ என்ன சொல்லுத?" என்றார். "நீ சொல்லுதபடியே இருக்கட்டும்மா." வரிசையை மாற்றினேன். பட்டியலைப் பூட்டினோம். பூட்டியபின் மாற்ற முடியாது. முதல் வரியே கிடைத்தது.

கிடைத்த பிறகு ஐந்தாறு வகையாகப் பதில் கொடுக்கலாம். அதில் ஒன்று, இப்போதைக்கு ஏற்றுக்கொள்கிறேன், மேலே இடம் வந்தால் மாற்றிக்கொடுங்கள் என்பது. பலருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் 'மேலே' என்பது நம் பட்டியலில் நாமே மேலே எழுதியதுதான். முதல் வரியே கிடைத்தவருக்கு மேலே ஒன்றுமில்லை. அந்தக் கதவும் சேர்ந்தே மூடும் என்பதை அந்த நேரத்தில் சொன்னேன். அழுத்திச் சொன்னேனா என்பது வேறு விஷயம்.

அந்த அம்மா சொன்னதில் நியாயம் என்று பார்த்தால் நிறைய இருக்கிறது. பிரிவின் பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எந்தப் பிரிவானாலும் முதல் பருவத்தில் பைத்தான் நிரல்மொழி இருந்தது. கணினி அறிவியலுக்கும் புதுப் பிரிவுக்கும் டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் என்று அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றே. நேர்முகத்தில் கேட்பதும் இவற்றிலிருந்துதான். லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பி எழுது, இரண்டு டேபிளைச் சேர்த்து ஒரு எஸ்கியூஎல் வினவல் எழுது, இதே நிரலை இன்னும் வேகமாக ஓடவைக்க முடியுமா என்பார்கள். இதற்கு மதுரை வேண்டியதில்லை. ஒரு மடிக்கணினியும் தினமும் இரண்டு மணி நேரமும் இருந்தால் கடையத்திலிருந்தே பழகலாம். பழைய கணினியே போதும். 8 ஜிபி ரேம் இருந்து, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் மூன்றாம் வருசம் வரை ஓடும்.

ஆனால் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது உறுத்தும். பாடம் ஒன்று என்பதற்காகக் கல்லூரி ஒன்றாகிவிடாது. வளாகத் தேர்வுக்கு எந்தக் கம்பெனி வருகிறது என்பதைத் தீர்மானிப்பது பாடத்திட்டம் அல்ல; அங்கே படித்து வெளியேறி இன்று பத்து வருச அனுபவத்தோடு இருக்கிறவர்கள். புதுப் பிரிவில் அப்படி யாரும் இருக்க முடியாது. பெரிய ஐடி சேவை நிறுவனங்கள் கூட்டமாக ஆள் எடுக்கும் வருசத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு, சேரும்போது தேறாத நிலுவைத் தாள் இல்லாமை, ஒரு ஆன்லைன் தேர்வு, அவ்வளவுதான். ஆள் எடுப்பு சுருங்கும் வருசத்தில்தான் தெரியும். ஆஃபர் கடிதம் கையில் இருந்தும் சேரச் சொல்லி அழைப்பு வராமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்தையும் அப்படியே நம்பக் கூடாது. '120 ஆஃபர்' என்றால் 120 பிள்ளைகள் என்று அர்த்தமில்லை. ஒரே பையன் மூன்று கம்பெனியில் தேர்வானால் மூன்றாக எண்ணுவார்கள். உச்ச சம்பளத்தை விட்டுவிட்டு நடுவில் இருப்பவனின் சம்பளம் என்ன, படித்தவர்களில் எத்தனை பேர் தேர்வில் உட்காரத் தகுதி பெற்றார்கள் என்று கேட்க வேண்டும். என்பிஏ என்ற தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் கல்லூரிக்கா, அந்தப் பிரிவுக்கா என்றும் கேட்க வேண்டும். அது பிரிவுவாரியாகத்தான் தரப்படுகிறது. இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னதுண்டு. அவர் கேட்ட கேள்வி இதில் எதுவும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

அவர் பீடி சுற்றுகிறவர். விரல்நுனியைப் பார்த்தாலே தெரியும். இலை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் எண்ணிக்கைக்குக் கூலி. பள்ளி விட்டு வந்து மகள் இலை வெட்டிக் கொடுத்தால்தான் பல வீடுகளில் அந்த ஆயிரம் முடியும். காரணம் அதுவா? அல்லது பெண்பிள்ளையைத் தூரத்தில் விடப் பயமா? வீட்டில் வேறு யாரும் இல்லையா? கேட்டிருக்கலாம். பின்னால் பத்துப் பேர் நின்ற வரிசையில் ஒரு தாயிடம் அதைக் கேட்பது மரியாதையா என்றும் தோன்றுகிறது. காரணத்தைச் சொல்லித்தான் தீர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனால் பட்டியல் அவர் பெயரில் இல்லை, மகள் பெயரில்.

வேறு வழிகளும் இருந்தன. தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையில் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் இருக்கிறது, 2011-லிருந்து. பன்னிரண்டு முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பழக்கும் ஸோஹோ ஸ்கூல்ஸ் பற்றி நம்மூரில் தெரியாதவர் குறைவு. பட்டம் கிடைக்காது, வேலை பழகலாம். தூரமும் இல்லை. பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பிஎஸ்சி கணினி அறிவியல் படித்துவிட்டு, அறிவியல் பட்டதாரிகளை எடுத்து மேற்படிப்பும் படிக்கவைக்கிற நிறுவனங்களுக்குப் போவோரும் உண்டு. தொடக்கச் சம்பளம் குறைவு, ஒப்பந்த வருசங்கள் கூடுதல். தூரம்தான் சிக்கல் என்று தெரிந்திருந்தால் பேச்சை அந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம். கலந்தாய்வு மேசையில் உட்கார்ந்தால் கலந்தாய்வுக்கு வெளியே உள்ளது கண்ணில் படுவதில்லை.

அந்தப் பெண் இப்போது இரண்டாம் வருசம். நிலுவை எதுவும் இல்லை. அதை வைத்து அம்மா சொன்னது சரி என்று சொல்லிவிட முடியாது. மதுரையிலும் அவளுக்கு நிலுவை இருந்திருக்காது.

இந்த வருசம் சேரன்மகாதேவியிலிருந்து ஒரு அப்பாவும் பையனும் வந்தார்கள். கட்-ஆஃப் 151. வரிசை பற்றிய அதே விளக்கத்தைத் தொடங்கினேன்: ஆசைப்பட்டது மேலே, அரைமனசு கீழே. பாதியில் நிறுத்திவிட்டு, "தினமும் வீட்டுக்கு வரணுமா, விடுதியில நிப்பானா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டேன். "வந்து போனாத்தான் நல்லது" என்றார். பக்கத்துக் கல்லூரியை முதல் வரியில் போட்டேன். பையனைக் கேட்கவில்லை.