ஜெர்மனியில் படிக்க வந்தபோது: எந்தத் தாளுக்கு முன் எந்தத் தாள்

ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), விசா நேர்காணல் பற்றியெல்லாம் வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள், அதனால் நேராக விமான நிலையத்துக்கு அப்புறம் நடந்ததற்கு வருகிறேன். மாஸ்டர்ஸ் சேர வந்த எனக்கு அங்கேதான் நிஜமான அலைச்சல் தொடங்கியது.

ஒரு வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட பிளாக்டு அக்கவுன்ட்டில் 11,904 யூரோ போட்டிருந்தேன். நான் வந்தபோது அதுதான் தொகை, மாதத்துக்கு 992 யூரோ என்ற கணக்கு. பணம் நம் பெயரில்தான் இருக்கும், ஆனால் நினைத்தபோது எடுக்க முடியாது. இங்கே ஒரு சாதாரண வங்கிக் கணக்கு தொடங்கி அந்த எண்ணைக் கொடுத்தால்தான் மாதாமாதம் அதில் வந்து சேரும். நான் போன வங்கியிலோ முகவரிப் பதிவுச் சான்றைக் காட்டு என்றார்கள். அன்மெல்டுங் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அதைச் செய்ய வீடு வேண்டும், வீட்டுக்கு முன்பணம் வேண்டும் (ஹீட்டிங் போன்ற செலவு சேராத வாடகையில் மூன்று மாதம் வரை கேட்கச் சட்டம் விடுகிறது), அந்த முன்பணம் எங்கே என்றால் பிளாக்டு அக்கவுன்ட்டில். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

எனக்கு முதலில் கிடைத்தது ஒருவர் தற்காலிகமாக விட்ட அறை. குடிவந்து இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம், அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட ஒரு படிவம் தேவை, அந்த மனிதரோ கையெழுத்து மட்டும் கேட்காதே என்றார். வாடகை குறைவாக இருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. வாடகை பேசும்போதே "அன்மெல்டுங் செய்யலாமா?" என்று கேட்டுவிடுங்கள், மழுப்பினால் வேறு அறை பாருங்கள். எனக்கு மாணவர் விடுதியில் இடம் கிடைத்தது, அங்கே அந்தப் படிவத்தைச் சாவியோடு சேர்த்தே தந்துவிட்டார்கள். வங்கி விஷயத்தில், சான்றைப் பிறகு கொடுத்தால் போதும் என்ற இன்னொரு வங்கியைப் பிடித்தேன். அதுவரை கையில் கொண்டுவந்த யூரோதான் காப்பாற்றியது.

தபால் பெட்டியில் உங்கள் பெயரை உடனே ஒட்டுங்கள். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் வரி எண், வங்கி அட்டை எல்லாம் தபாலில்தான் வரும், பெயர் இல்லாவிட்டால் கடிதம் அப்படியே திரும்பிவிடும். ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதமும் வரும், மாதம் 18.36 யூரோ. டிவி இல்லையே என்ற வாதம் எடுபடாது. மோசடி என்று கிழித்துப் போடவும் வேண்டாம். பலர் சேர்ந்து இருக்கும் வீடு என்றால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடலாம்.

மருத்துவக் காப்பீடு சுலபம். முப்பது வயதுக்குள் இருந்தால் அரசு சார்ந்த காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம், அவர்களே பல்கலைக்கழகத்துக்கு மின்வழியில் தகவல் அனுப்பிவிடுவார்கள்.

கடைசியாகத் தங்கும் அனுமதி. வெளிநாட்டினர் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு, என் மின்னஞ்சலுக்குப் பதிலே வரவில்லை, விசாவோ தீர்ந்துகொண்டிருந்தது. விசா முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால், முடிவு வரும்வரை இங்கே இருக்க உரிமை உண்டு, அதற்கு ஒரு இடைக்காலச் சான்றும் தருவார்கள். அதனால் விண்ணப்பித்த தேதிக்கு அத்தாட்சி வைத்திருங்கள், எனக்கு அது உதவியது.

நீட்டிக்கும்போது மறுபடியும் பணம் காட்டச் சொல்வார்கள். முழுத் தொகையையும் திரும்ப பிளாக்டு அக்கவுன்ட்டில் போட வேண்டும் என்று கட்டாயமில்லை, பகுதிநேர வேலையின் சம்பளச் சீட்டையும் காட்டலாம். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம், பல்கலைக்கழகத்திலேயே ஹிவி (மாணவர் உதவியாளர்) வேலை கிடைத்தால் அது இந்தக் கணக்கில் சேராது. நான் இப்போது அதற்குத்தான் ஒவ்வொரு பேராசிரியருக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.