மருத்துவச் செலவு என்று எழுதியிருந்தது

எங்கள் வங்கியில் பணம் அனுப்பும் படிவத்தில் 'எதற்காக' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டீச்சர் 'மருத்துவச் செலவு' என்று எழுதியிருந்தார். தொகை 2,80,000 ரூபாய். வைப்பு நிதியை முதிர்வுக்கு முன்பே உடைத்து, வடகிழக்கு மாநிலம் ஒன்றில் யாரோ ஒருவருடைய சேமிப்புக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றார்.

பாளையங்கோட்டையில் எனக்குப் பத்தாம் வகுப்பில் தமிழ் நடத்தியவர் அவர். வீட்டுப்பாடம் எழுதாமல் போனால் பொறுத்துக்கொள்வார். நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன் என்று பொய் சொன்னால் பொறுக்க மாட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தார். அம்மா போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

"யாருக்கு டீச்சர் உடம்பு சரியில்லை?" என்று கேட்டேன்.

"தூரத்துச் சொந்தம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஐந்து நாட்களுக்கு முன்பு இதே கவுண்டரில் அவர் 45,000 ரூபாய் அனுப்பியிருந்தார். பெயர் வேறு, ஊர் வேறு. அன்று வரிசை வாசல்வரை நின்றது. நான் தலையை நிமிர்த்தாமல் முத்திரை குத்திக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

இந்த முறை மேலாளர் அறையில் உட்காரவைத்தேன். "என் பணம். அனுப்பு என்றால் அனுப்பு" என்று கோபப்பட்டார். அது நியாயமான கோபம்தான். வாடிக்கையாளர் தன் பணத்தைக் கேட்டால் தடுக்க எங்களுக்கு உரிமை கிடையாது. காபி வரவழைத்தேன், கணினி மெதுவாக இருக்கிறது என்றேன். அதற்குள் அவருடைய கைப்பேசி அடித்தது. மறுமுனையில் ஒரு பெண், டெல்லி விமான நிலையச் சுங்கத்துறை என்று அறிமுகம் செய்துகொண்டு ஆங்கிலத்தில் பேசினாள். நான்கு மணிக்குள் கட்டாவிட்டால் பார்சல் வழக்காகிவிடும், வங்கியில் காரணம் கேட்டால் சிகிச்சைக்கு என்று சொல்லுங்கள் என்றாள். ஒலிபெருக்கியில் போடச் சொல்லி நானும் கேட்டேன். "எந்த அலுவலகம், நோட்டீஸ் எண் என்ன?" என்று நான் கேட்டதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

டீச்சர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கைப்பேசியை என் கையில் கொடுத்தார்.

பார்சல் அனுப்பியதாகச் சொன்னவன், ஃபேஸ்புக்கில் சங்கப் பாடல்களுக்கான ஒரு குழுவில் டீச்சர் எழுதிய விளக்கத்தைப் பாராட்டி வந்தவன். ஸ்காட்லாந்தில் பிறந்த தமிழன், கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் பொறியாளர், மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறான். மூன்றாம் நாளே பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறிவிட்டது. வீடியோவில் ஒரே ஒரு முறை வந்தான், பத்து விநாடி இருக்கும். உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கடலில் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டான். அவன் அனுப்பிய படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். வேறொரு நாட்டு மருத்துவருடைய முகம். அந்த மனிதருக்குத் தன் முகம் இப்படி ஊர் ஊராகத் திரிவது தெரிந்திருக்குமோ என்னவோ.

நான் கேட்க நினைத்ததை டீச்சரே சொன்னார்: "தமிழ் தப்பாக இருந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை."

காலையில் 'நல்ல காலை' என்று எழுதுவானாம். 'நான் உன்னை இழக்கிறேன்' என்று எழுதினானாம். உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று சொல்ல வந்திருக்கிறான், இயந்திரம் அப்படி மொழிபெயர்த்திருக்கிறது. டீச்சர் திருத்தியிருக்கிறார். ஐ உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்று தினமும் இரவில் பாடம் நடத்தியிருக்கிறார். முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பில் நின்றவருக்கு மறுபடியும் ஒரு மாணவன் கிடைத்திருக்கிறான். ஒருநாள் சரியாக எழுதுவான், மறுநாள் அதே பிழை. "மறதி என்று நினைத்தேன்" என்றார். மறதி அல்ல, டீச்சர். இந்தத் தொழிலில் ஒரே பெயரில் பல பேர் முறை வைத்து எழுதுகிறார்கள். நேற்று பாடம் கேட்டவன் வேறு, இன்று எழுதுபவன் வேறு.

அப்படி எழுதுகிறவர்கள் எல்லோரும் விரும்பி எழுதுவதும் இல்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப்போய் மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022இல் மீட்கப்பட்டு வந்தார்கள். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படி இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்படலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் சொன்னது.

பார்சல் கதையை நான் பலமுறை கேட்டுவிட்டேன். நகை, கைக்கடிகாரம், கட்டுக்கட்டாகப் பவுண்டு. முதலில் சுங்க வரி, பிறகு பார்சலில் பணம் இருப்பதால் ஒரு சான்றிதழ், பிறகு பவுண்டை ரூபாயாக மாற்றக் கட்டணம். சுங்க வரி அரசுக்குப் போகிற பணம், அதை ஒரு தனிமனிதரின் சேமிப்புக் கணக்கில் யாரும் வாங்குவதில்லை. தபால் பார்சலுக்கு வரி இருந்தால் பார்சலைக் கொடுக்கும்போது வாங்குவார்கள். சுங்கத்துறையின் கடிதத்தில் ஆவண அடையாள எண் இருக்கும், மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

ஆனால் அந்த அறையில் என்னை உலுக்கியது வரி அல்ல, படிவத்தின் அந்த 'எதற்காக' கட்டம். பொய்யே பிடிக்காத ஒருவரைப் பொய் எழுத வைத்திருக்கிறான். உங்கள் வீட்டில் யாராவது பணத்துக்கான காரணத்தை மறைத்தால், அவர்களை மறைக்கச் சொன்னது யார் என்று கேளுங்கள். தயவுசெய்து சிரித்துக்கொண்டு கேட்காதீர்கள். 'இந்த வயதில் உங்களுக்கு இதெல்லாம் தேவையா' என்ற ஒரு வாக்கியம் போதும், அவர்கள் திரும்பவும் அவனிடமே போய்விடுவார்கள். டீச்சருடைய தம்பி அதைத்தான் சொன்னார். ஒரு வாரம் டீச்சர் கதவைத் திறக்கவில்லை.

அன்றே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைத்தோம். கணக்கு எண், பரிவர்த்தனை எண், தேதி, தொகை நான்கையும் கையில் வைத்துக்கொண்டு அழைக்க வேண்டும். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்லி அங்கிருந்து வங்கிக்குத் தகவல் போகும். முதல் சில மணி நேரத்தில் அழைத்தால் பலன் உண்டு. நாங்கள் ஐந்து நாள் தாமதம். அந்த 45,000 போன கணக்கில் 1,140 ரூபாய்தான் மிச்சம். நமக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட பணம் என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் சொல்கிறவருக்கு ரிசர்வ் வங்கியின் விதி துணை நிற்கும். நாமே கையெழுத்துப் போட்டு அனுப்பிய பணத்துக்கு அந்த விதி உதவாது. இரண்டு வாரம் கழித்து வேறொருவன் அழைத்து, கட்டணம் கட்டினால் பணத்தை மீட்டுத் தருகிறேன் என்றான். ஏமாந்தவர்களின் எண்கள் கைமாறுகின்றன. இந்த முறை டீச்சர் உடனே என்னிடம் சொன்னார்.

சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். உரையாடலின் நகல் கேட்டார்கள். டீச்சர் எல்லாவற்றையும் அச்செடுத்து, தேதி வாரியாக அடுக்கி, பக்க எண் போட்டுக் கோப்பில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். உதவி ஆய்வாளர் புரட்டும்போது நானும் எட்டிப் பார்த்தேன். பல பக்கங்களில் சிவப்பு மை. 'உங்களை பார்க்க வேண்டும்' என்ற வரியில், இரண்டு சொற்களுக்கும் நடுவே, எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்தில் ஒரு 'ப்'.