2045இல் இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர்?

‘தொலைநோக்கு ஆய்வு’ என்று கிளிநொச்சியில் சொன்னால் முதலில் வருகிற கேள்வி, “சாத்திரமோ?” அடுத்தது, “எந்த என்.ஜி.ஓ?” இரண்டும் இல்லை என்று விளங்கப்படுத்துவதிலேயே எங்கள் வேலையில் கணிசமான பங்கு போனது. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் இங்குள்ள எங்கள் சிறிய குழுவும் சேர்ந்து, வன்னியின் கமத்துக்கும் தண்ணீருக்கும் இனிமேல் எந்த விஞ்ஞானம், எந்தத் தொழில்நுட்பம் வேண்டியிருக்கும், அதற்கு அரசு இப்போதே எதில் பணம் போடவேண்டும் என்று ஆராய்ந்தோம். இலக்கு வருடம் 2045. இதே மாதிரி ஒன்றைத் தொடங்க நினைக்கிறவர்கள் இடைக்கிடை விசாரிப்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

“எங்கட ஊர் விஷயத்துக்கு வெளிநாட்டுக்காரர் எதுக்கு?” என்று கேட்டவர்களுக்கு நான் சொன்னது படைப்புழுவின் கதை. அது அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016இல் ஆபிரிக்காவில் கண்டார்கள். 2018 நடுப்பகுதியில் கர்நாடகத்தில். அந்த வருடம் முடிவதற்குள் இலங்கைச் சோளத்துக்குள் இறங்கிவிட்டது. எங்கள் மாவட்டத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவுதான் கணக்குப் பார்த்தாலும் அது வருவது தெரிந்திருக்காது. தூரத்தில் தெரிகிற இப்படியான அறிகுறிகளைத் தொடர்ந்து குறித்து, ஆளுக்காள் பரிமாறிக்கொள்வதற்குத்தான் கூட்டு வேண்டும். இதைச் சொன்ன பிறகு சோளம் போட்டவர்கள் யாரும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

கடதாசி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புரிந்துணர்வு ஒப்பந்தம் குழு குழுவாக ஏறி, சட்டப் பிரிவுக்குப் போய், அங்கே நீண்ட காலம் கிடந்தது. இதில் விசேஷம் ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். கூட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள், காசு எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கவும் ஆட்கள் வந்தார்கள். முன்கூட்டியே கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் கொடுத்து வைத்திருந்ததால் அது பெரிய விஷயமாகவில்லை.

உண்மையில் இழுபட்டது சம்மதப் படிவம். அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு, பங்குபற்றுகிற ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வேண்டும் என்றது. வன்னிச் சனத்திடம் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து என்று ஒரு தாளை நீட்டினால் என்ன நடக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். முகாமிலும் மீள்குடியேற்றத்திலும் எத்தனையோ தாளில் கையெழுத்து வைத்து ஓய்ந்தவர்கள். மரியாதைக்காக வைத்துவிட்டு, பிறகு வாயே திறக்கமாட்டார்கள். வாய்மொழிச் சம்மதம், பக்கத்தில் ஒரு சாட்சி, தாளில் பெயருக்குப் பதில் ஒரு இலக்கம் என்று மாற்றித் தரச்சொன்னோம். கடிதத்துக்கு மேல் கடிதம் போனது. முடிவில் ஒத்துக்கொண்டார்கள். இந்தப் பகுதியில் ஆய்வுக்கு வருகிறவர்கள் இதை முதல் நாளே கேட்டு வாங்குவது நல்லது.

அடுத்தது கேள்விகள். அவர்கள் அனுப்பிய முதல் பட்டியலில் ஓட்டுநர் இல்லாத உழவு இயந்திரம், ஆய்வுகூட இறைச்சி, செங்குத்துப் பண்ணை எல்லாம் இருந்தன. வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. நான் பதிலுக்கு எடுத்துப் போட்டது ஜேர்மனி செய்ததை. 1971 முதல் ஜப்பான் ஏறத்தாழ ஐந்து வருடத்துக்கொருமுறை நாடளாவிய தொழில்நுட்பத் தொலைநோக்கு ஆய்வு நடத்திவருகிறது. 1990களின் தொடக்கத்தில் ஜேர்மனி தன் முதல் பெரிய ஆய்வைச் செய்தபோது ஜப்பானின் கேள்விக்கொத்தையே எடுத்துக்கொண்டது. இரண்டு நாட்டுப் பதில்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம், அது நல்ல லாபம். ஆனால் ஜேர்மனிக்கு முக்கியமானவை சில அந்தக் கொத்தில் இல்லை. அதன் பிறகு நடந்த சிறிய ஆய்வில் இரு நாட்டாரும் கூடிக் கேள்வி எழுதினார்கள். ஜேர்மனிக்கே அது தேவைப்பட்டதென்றால் கிளிநொச்சிக்குத் தேவைப்படாதா? சூமில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, சரி, நீங்கள் எழுதி அனுப்புங்கள் என்றார்கள். என்னைக் கேட்டால் முழு ஆய்வும் தேறியது அன்றைக்குத்தான்.

எங்கள் பட்டியலில் இரணைமடுவின் சிறுபோகத் தண்ணீர்ப் பங்கீடு, பூநகரிக் கிணறுகள் உவராவது, குறுகிய கால நெல்லினங்கள், கடல்நீரைக் குடிநீராக்குவது எல்லாம் வந்தன. கடைசியானது இங்கே சும்மா விஷயம் இல்லை. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவதா என்ற இழுபறி பல வருடம் நடந்து, கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024இல்தான் திறக்கப்பட்டது.

நாங்கள் பாவித்தது டெல்பி முறை. 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவானது. கூற்றுகளைக் கொடுத்து, இது எப்போது நடக்கும், நமக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்பார்கள். பதில் தருகிறவரின் பெயர் இல்லை. முதல் சுற்றில் எல்லோரும் என்ன சொன்னார்கள் என்பதைக் காட்டி இரண்டாம் சுற்றில் திரும்பக் கேட்பார்கள். மனம் மாறினால் மாற்றலாம். மற்றவர்களிடமிருந்து வெகுவாக விலகியும் மாற்றாதவர் காரணம் எழுதவேண்டும். புத்தகத்தில் படிக்கும்போது இந்தப் பெயரில்லாமை எனக்குப் பெரிதாகப் படவில்லை. கூட்டத்தில் பெரியவர் ஒருவர் பேசிவிட்டால் இளம் உத்தியோகத்தர் “ஓம் சேர்” என்பதோடு முடிகிற இடத்தில் அது எவ்வளவு பெரிய வசதி என்று செய்தபோதுதான் தெரிந்தது. கிணறு உவராவது தூரத்து ஆபத்து என்று அலுவலர் பலர் குறித்திருந்தார்கள். பூநகரிப் பக்கத்துப் பெண்கள், அது வந்துவிட்டது, தண்ணீர் எடுக்கப் போகிறவர்களைக் கேளுங்கள் என்று பதில் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் சுற்றில் பதிலை மாற்றியது அலுவலர்கள்தான். முகத்துக்கு முகம் என்றால் நடந்திருக்காது. எழுதச் சிரமப்பட்டவர்களுக்குத் தாளுக்குப் பதில் தகரப்பேணியும் பயற்றம் விதையும் வைத்தோம்; விரும்பிய பதிலுக்குரிய பேணியில் விதையைப் போடலாம்.

2045 என்ற வருடம் மட்டும் கடைசிவரை தடுக்கியது. கமக்கார அமைப்பு ஐயா ஒருவர் எழும்பி, “பிள்ளை, அதுக்கு முதல் என்ர காணிக்குப் பேர்மிட் வருமோ எண்டு பாத்துச் சொல்லும்” என்றார். சிரிப்பு அடங்கப் பார்த்தால் அது சரியான கேள்வி. காணிக்கு உறுதியோ உத்தரவுப் பத்திரமோ இல்லாதவருக்கு வங்கி கடன் கொடுக்காது. கடன் இல்லாமல் சொட்டு நீர்ப்பாசனமும் இல்லை, சூரிய மின் பம்பும் இல்லை. பிறகு எந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றிக் கேட்டாலும், காணி உரிமை தீர்ந்தால் எப்போது, தீராவிட்டால் எப்போது என்று இரண்டு விதமாகக் கேட்டோம். வெளிநாட்டு நண்பர்களுக்கு இது புதிது. கொள்கை வகுப்பவர்கள் பார்க்கவேண்டியது இதைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

எதிர்பாராத அதிர்ச்சி என்றால் என்ன என்று கற்பிக்க அவர்கள் ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருந்தார்கள். அது தேவைப்படவில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தியது, அடுத்த வருடம் டீசலுக்கு வரிசையில் கிடந்தது என்று மண்டபமே பாடம் எடுத்தது. மிச்ச நேரத்தில் தேத்தண்ணி குடித்தோம்.

முடிவறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் ஒரு சுருக்கம் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். எழுதாவிட்டால் அதற்குக் காசு ஒதுக்கியிருக்கமாட்டார்கள். அந்தச் சுருக்கம் கமநல சேவை நிலையங்களுக்குப் போனது. கிணற்று உவர்த்தன்மையைத் தொடர்ந்து அளக்கிற வேலைதான் இரண்டாம் கட்டத்துக்கு எடுபட்டிருக்கிறது. தரவு இங்கேயும் ஒரு பிரதியாக இருக்கவேண்டும் என்று இந்த முறை முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம். அவர்களுடைய நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் காசைச் செலவழிக்கப் பெப்ரவரியில் கூட்டம் வைக்கச் சொல்வார்கள். அது இங்கே காலபோக அரிவு வெட்டு நேரம். அந்த இரண்டு மாதமும் கூட்டம் இல்லை என்று புதிய கால அட்டவணையில் கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.