யூரின் எவ்வளவு போகுது?

சிஏபிடி, அதாவது வயிற்றுக்குள் திரவம் விட்டு வெளியேற்றி வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் நோயாளிகள் எங்கள் பிரிவுக்கு மாதாமாதம் கொண்டுவரும் நோட்டில் டயாலிசிஸ் திரவ பேக் கணக்கு சுத்தமாக இருக்கும். உள்ளே 2,000 மி.லி., வெளியே 2,200, எடை, பிரஷர். யூரின் கட்டம் மட்டும் பெரும்பாலும் காலி. கேட்டால், "அதான் டயாலிசிஸ் ஆரம்பிச்சாச்சே சிஸ்டர், இனி அது எதுக்கு?" என்பார்கள்.

எனக்கு முதலில் வேண்டியதே அதுதான். கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்த கானுசா ஆய்வின் விவரங்களை 2001-இல் மறுபடி அலசினார்கள். தினமும் யூரின் 250 மி.லி. கூடுதலாகப் போனால் இறப்பு அபாயம் 36 சதவீதம் குறைவாக இருந்தது. வயிற்றுவழிச் சுத்திகரிப்பின் அளவுக்கும் ஆயுளுக்கும் அப்படித் தொடர்பு தெரியவில்லை. அடுத்த ஆண்டு வெளியான மெக்சிகோவின் அடெமெக்ஸ் ஆய்வில் 965 பேர். ஒரு பிரிவினருக்கு டயாலிசிஸ் அளவைக் கூட்டிப் பார்த்தார்கள், ஆயுள் கூடவில்லை. உடம்பு தெம்பாக இருப்பவருக்கு யூரினும் போகிறது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். ஆனால் பேக்கில் லேசில் இறங்காத பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் போன்ற கழிவுகளை மிச்சமிருக்கும் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. நீர் தேங்காமல் இதயத்தின் சுமையையும் குறைக்கிறது.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட 24 மணி நேர யூரினைப் பிடிக்க வைப்பதுதான் பெரும்பாடு. "இந்த வயசுல இதைக் கேன்ல தூக்கிட்டு பஸ்ல வரணுமா?" என்று ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். நியாயமான கோபம். காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, மறுநாள் காலை வரை எல்லாவற்றையும் பிடித்து, கலக்கி, மொத்த அளவைக் குறித்துக்கொண்டு, சின்ன பாட்டிலில் மாதிரி மட்டும் கொண்டுவந்தால் போதும் என்றதும் சமாதானமானார்.

அதோடு வீட்டில் இருக்கும் மாத்திரைகளையெல்லாம் பையோடு கொண்டுவரச் சொல்வேன். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் எப்படியும் ஒரு பையிலாவது இருக்கும். மிச்சமிருக்கும் சிறுநீரகத்துக்கு அது ஆகாது. யூரினைக் கூட்டும் பியூரோசிமைடு மாத்திரை தரும்போது, யூரின் அளவுதான் கூடும், கழிவு அதனால் கூடுதலாகப் போகாது என்பதையும் சொல்லிவிடுவேன்.

இன்னொரு தொல்லை 4.25 சதவீத பேக், அதாவது சர்க்கரை அதிகமாக இருப்பதால் உடம்பிலிருந்து நீரை அதிகமாக இழுக்கும் பேக். கால் லேசாக வீங்கினாலே சிலர் தாமாக அதைப் போட்டுக்கொள்கிறார்கள். வாந்தியோ பேதியோ இருக்கும் நாளில் போட்டால் உடம்பு வறண்டு யூரின் இன்னும் குறையும். எடுப்பதற்கு முன் போன் பண்ணுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூடப் பண்ணுகிறார்கள், பண்ணட்டும்.