நஞ்சுக்கொடி ஸ்லைடு கெடுவது வெட்டும் பலகையில்தான்

நுண்ணோக்கியில் பார்க்கச் செய்த நஞ்சுக்கொடி ஸ்லைடு மங்கலாக வந்தால் பலரும் சாயத்தை மாற்றிப் பார்க்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே நடந்திருக்கும்.

நஞ்சுக்கொடி பஞ்சைப் போல இரத்தம் ஊறிய உறுப்பு. தொப்புள்கொடியில் போட்ட கவ்வியைக் கழற்றினால் குழந்தையின் இரத்தம் வடிந்து நுண்குழாய்கள் சுருங்கிவிடும். பிறகு அவற்றின் விட்டத்தை அளந்து பயனில்லை. உடனே வெட்ட முடியாதென்றால் 4 டிகிரி குளிரில் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் பனிப்படிகம் செல்களைக் கிழித்துவிடும்.

ஓரத்தில் வெட்டாதீர்கள். நலமான நஞ்சுக்கொடியிலும் அங்கே ஃபைப்ரின் (இரத்தம் உறையும்போது உண்டாகும் புரத இழை) படிந்திருக்கும். உட்பகுதியிலிருந்து, குழந்தைப் பக்கம் தொடங்கி தாய்ப் பக்கம் வரை முழுத் தடிமனும் வரவேண்டும். நஞ்சுக்கொடி நோயியலாளர்களின் 2014 ஆம்ஸ்டர்டாம் கூட்டத்தின் பரிந்துரை குறைந்தது 4 பிளாக் (மெழுகில் பதித்த திசுக் கட்டி): ஒன்றில் சுருட்டிய பனிக்குடச் சவ்வும் தொப்புள்கொடியின் இரண்டு குறுக்குவெட்டும், மற்ற மூன்றில் முழுத் தடிமன் துண்டுகள்.

துண்டு 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். திசுவைப் பதப்படுத்த 10% பஃபர் ஃபார்மலின் (பஃபர் அதை அமிலமாகாமல் காக்கும்), திசுவைப் போல் 10 மடங்காவது, 24 முதல் 48 மணி நேரம். பஃபர் இல்லாமல் அமிலமாகிப்போன ஃபார்மலின்தான் இங்கே பெரிய எதிரி. ஹீமோகுளோபினோடு சேர்ந்து கரும்பழுப்புத் துகளை உண்டாக்கும்; பார்வைக்கு அச்சு அசல் மலேரியா நிறமி (மலேரியா ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்று விடும் மிச்சம்). துருவ ஒளியில் (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) இரண்டுமே மின்னுவதால் அதை நம்பிப் பிரிக்க முடியாது. ஃபோகஸ் திருகை மெல்லத் திருப்பிப் பாருங்கள்: ஃபார்மலின் துகள் திசுவின் மேல் சிதறிக் கிடக்கும், மலேரியா நிறமி மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்லின் உள்ளேயோ ஃபைப்ரினிலோ அடங்கியிருக்கும்.

பாரஃபின் மெழுகில் பதித்த திசுவின் சீவல் 4 மைக்ரான் போதும். தடித்தால் வில்லஸின் (நஞ்சுக்கொடிக்குள் இருக்கும் விரல் போன்ற நீட்சி) வளைந்த மேற்பரப்பு சாய்வாக வெட்டுப்பட்டு, நியூக்ளியஸ்கள் கும்பலாகத் தெரியும். அதை சின்சீஷியல் முடிச்சு (வில்லஸின் மேலுறையில் நியூக்ளியஸ்கள் உண்மையாகவே திரண்ட இடம்) என்று எண்ணிவிட்டால் முழுக் கணக்கும் தப்பு. படமெடுக்கும்போது அழகான இடத்தைத் தேடாமல், தற்செயலாக ஒரு புள்ளியில் தொடங்கிச் சம இடைவெளியில் நகருங்கள்.

தாய் இரத்தத்தையும் குழந்தை இரத்தத்தையும் பிரிக்கும் மிக மெல்லிய சுவர் 1 மைக்ரான் அளவுதான். அதை அளக்க எலக்ட்ரான் நுண்ணோக்கியே சரி. அதற்கு 1 மி.மீ. கன துண்டுகளைச் சில நிமிடங்களுக்குள் 2.5% குளுட்டரால்டிஹைடு என்னும் பதப்படுத்தும் திரவத்தில் போட்டாக வேண்டும். ஃபார்மலினில் ஊறியதைப் பிறகு மாற்றினால் சவ்வுகள் அந்தத் தெளிவில் கிடைக்காது.

ஒளிர்சாயம் போடுவோர் ஒரு சீவலைச் சாயமே இல்லாமல் பாருங்கள். சிவப்பணுக்கள் தாமாகவே ஒளிரும்; அதைச் சாயத்தின் ஒளி என்று எண்ணிவிடக் கூடாது.